பாதி விலை

போனில் பிரவுசரைக் காணோம் என்று மிளகாய் வத்தல் வியாபாரி தனுஷ்கோடி, மனைவி செல்லக்கனியோடு ரிப்பேர் கடைக்கு வந்தார்.

"ரிப்பேருக்கு ஐந்நூறா? புதுசாவா கேக்கேன்? இருந்ததத் திருப்பித் தாங்கேன்!" என்றார்.

கடைக்கார ரியாஸ் பிரவுசரை ஏற்றி ஏற்றிப் பார்த்தான். ஏற்ற ஏற்ற அது தானாகவே அழிந்தது.

"காசே வேண்டாம் அண்ணாச்சி. போன்ல கோளாறு இல்ல."

பிரவுசருக்குப் படியளப்பவர்கள் விளம்பரக்காரர்கள். போன் வைத்திருப்பவரின் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்ப்பார்கள். இந்த ஆள் இனி எதையும் வாங்க இருக்கமாட்டார் என்று தெரிந்தால், அவர் போனிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, அவருக்காக வாங்கப்போகிறவர் போனுக்குப் போய்விடுவார்கள். தொழிலில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி இது.

ரியாஸ் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒங்க போன்ல என்ன விளம்பரம் வருது?"

செல்லக்கனி காட்டினாள். பிணம் வைக்கும் ஐஸ் பெட்டி. இந்த வாரம் பதிந்தால் வாடகையில் பாதி தள்ளுபடி. ரியாஸ் தனுஷ்கோடியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு விளங்கிவிட்டது.

"என்ன பிள்ள, மொகம் செத்துப்போச்சு?" என்றார் தனுஷ்கோடி.

"ஒண்ணுமில்ல. எதையோ பாதி விலைக்குத் தாரானாம்... இந்த வாரம் மட்டும்."

"பாதி விலையா? விடாத! ரெண்டா எடுத்தா இன்னும் கொறைப்பானான்னு கேளு."