உன் இஷ்டம்

ஒலிக்கலவைக் கூடத்தில் கடைசிக் காட்சியின் இசை முடிந்தது.

படத்தொகுப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒளிப்பதிவாளர், தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர், இருமல் வந்ததுபோல் எழுந்து வெளியே போய்விட்டார்.

இயக்குநர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இசையைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார்.

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார். நாயகியின் கம்மல் மாறிப்போனதற்காக ஒரு பகல் முழுக்கப் படப்பிடிப்பை நிறுத்தி எல்லோர் உயிரையும் வாங்கியவர். ‘நோண்டி’ என்று பட்டப்பெயரே உண்டு.

இந்தப் படத்தில் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: உன் இஷ்டம்.

கேமராவை எங்கே வைப்பது, எதை வெட்டுவது, எந்த இடத்தில் இசை வருவது, எல்லாம் அவரவர் முடிவு. முதலில் பயந்தார்கள். பிறகு, இவ்வளவு நம்புகிற மனிதருக்கு எப்படிக் குறை வைப்பது என்று சோறு தண்ணி மறந்து உழைத்தார்கள். தங்களுக்குள் இப்படி ஒரு திறமை இருந்தது அவர்களுக்கே தெரியாது.

இசையமைப்பாளர் நாற்காலியைத் திருப்பினார். அவர் போட்டிருந்தது ஒற்றை வயலின். படத்தின் முடிவில் மருத்துவமனைக் கட்டிலில் நாயகியின் கை தளரும் இடத்தில் அது பாதியிலேயே நின்றுவிடும். செத்துப்போன தன் அம்மாவை நினைத்துப் போட்டது.

“புடிச்சிருக்காண்ணே?”

இயக்குநர் தனக்குள் தேடிப் பார்த்தார். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தை நாக்கால் தடவிப் பார்ப்பதுபோல இருந்தது. எதுவும் தட்டுப்படவில்லை.

“இன்னொரு தடவ போடுப்பா.”

திருத்தம் சொல்லாமல் மறுபடி கேட்பதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் கூடத்தில் கிடையாது. இசையமைப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை.

விளக்கு அணைந்தது. திரையில் கட்டில் வந்தது.

போன வருடம் இப்படித்தான் அவர் மனைவியின் கை தளர்ந்தது. இவர்கள் எல்லோரும் அன்றைக்கு வந்து அழுதவர்கள்தான். அழாமல் நின்றவர் அவர் ஒருவர். இன்றுவரை ஒரு சொட்டு வரவில்லை.

இவர்களில் யாராவது ஒருவர், எங்கேயாவது ஓரிடத்தில், தன்னை அழவைத்துவிட மாட்டாரா என்றுதான் படத்தையே தூக்கி அவர்கள் கையில் கொடுத்திருந்தார்.

இசையமைப்பாளர்தான் கடைசி ஆள்.