பில் வரும் வரை

லாரி ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் சர்வர் விற்க வந்தவருக்குப் பொறுமை போய்விட்டது. அவர் காட்டிய மூன்றாவது மாடலையும் பில் போடும் அம்மா தட்டிக்கழித்துவிட்டார்.

“முதல்ல காட்டினது சத்தம் போடும்னீங்க. ரெண்டாவது சூடாகும்னீங்க. இதுல என்னம்மா குறை?”

“கலர் பிடிக்கலை.”

“சர்வருக்குக் கலரா!” தலையில் அடித்துக்கொண்டார். முதலாளியோ, ‘அந்தம்மா சரின்னா வாங்கிடலாம்’ என்று சொல்லிவிட்டு நழுவியிருந்தார்.

“ஒரு பில் வர இருபது நிமிஷம் ஆகுதும்மா! மனுஷங்க கால் கடுக்க நிக்கிறாங்க.”

லோடு ஏற்றிவிட்டு, பில்லுக்காக கவுன்ட்டரில் சாய்ந்து நின்ற லாரி டிரைவரைத் துணைக்கு இழுத்தார். “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. புது சர்வர் வந்தா ரெண்டே நொடியில பில்லை வாங்கிட்டுக் கிளம்பிடலாம்!”

டிரைவரின் முகம் தொங்கிப்போனது. “அவ்வளவு அவசரம் எதுக்குங்க?”

“நல்லா இருக்கு போங்க! உலகத்துல இல்லாத ஆபீஸா இருக்கே!” என்று வெடித்தார் சர்வர்காரர்.

அந்த அம்மா தன் சாப்பாட்டில் பாதியை டப்பா மூடியில் எடுத்துவைத்து, டிரைவர் பக்கம் நகர்த்தினார்.

“எங்க வீட்டுக்காரர்தான் சார். நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இவர் லாரியோட கிளம்பிடுவார். இவர் திரும்பி வர்றப்ப நான் இங்க இருப்பேன். பசங்க படிப்பு, மாமியார் மாத்திரை, எங்க சண்டை, எல்லாம் இந்த பில் வர்றதுக்குள்ளதான்.”

சர்வர்காரர் விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

“பத்து நிமிஷம் ஆனா போதுமாம்மா?”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பதினஞ்சா பார்த்துக் குடுங்க சார்,” என்றார் டிரைவர், வாய் நிறையச் சாப்பாட்டோடு.