ரெண்டு மீட்டர் இருபத்தி நாலு

“அண்ணாச்சி! நெட்டை இறக்கி வச்சு நம்மளை ஏமாத்தப் பாக்காக!”

பிரிஸ்கில்லா போட்ட சத்தத்தில், பால்சாமி குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு மைதானத்துக்குள் ஓடினார். ஓடினார் என்பது அவர் நினைப்பு. பஞ்சுப் பொதி தூக்கித் தேய்ந்த இடுப்பு அவரை நடக்கத்தான் விட்டது.

ராஜபாளையம் மில் பெண்கள் வாலிபால் அணிக்கு பிரிஸ்கில்லா கேப்டன். பால்சாமி நெட்டு கட்டுவார், தண்ணீர்க் கேன் சுமப்பார், பந்து பொறுக்குவார். வேறு ஆள் இல்லாததால் கேட்டவர்களிடம் அவரையே கோச் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அணி வெளியே ஆட வந்தது இதுதான் முதல் தடவை. மில்லில் பழகும்போது பந்தை நெட்டுக்கு மேலே கொண்டுபோகவே பிள்ளைகளுக்கு நாக்குத் தள்ளும். அதைப் பார்த்த மேனேஜர், “ஸ்ரீவில்லிபுத்தூர்ல தோத்தா டீமைக் கலைச்சிருவேன். நீ பழையபடி பொதி தூக்கப் போயிரு” என்று பால்சாமியிடம் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கோ சாயங்காலம் ஹாஸ்டல் கதவு திறப்பதே இந்த வாலிபாலுக்காகத்தான்.

நெட்டைப் பார்த்ததும் பால்சாமிக்கும் பகீரென்றது. தாழ்வாகத்தான் இருந்தது.

“சார், ரெண்டு மீட்டர் இருபத்தி நாலு இருக்கணும்லா? எங்க மில்லுல என் கையால அளந்து கட்டியிருக்கேன். இது என்ன, துணி காயப்போடுத கொடி மாதிரி இருக்கு?” என்று நடுவர் நவநீதகிருஷ்ணனிடம் மல்லுக்கு நின்றார்.

இடுப்பிலிருந்த டேப்பை வேறு உருவிக் காட்டினார். கொத்தனாருக்குக் கையாளாக இருந்த காலத்து டேப். ஒரு பக்கம் எண்ணெல்லாம் பாதி தேய்ந்து கிடந்தது. மறுபக்கம் கடையில் வாங்கிய அன்று போலவே பளபளத்தது.

நடுவர் தன் அளவுகோலை நெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். “பாத்துக்கோ. ரெண்டு மீட்டர் இருபத்தி நாலு. நெட்டு ஒசரம்னு அழுத டீமைப் பாத்திருக்கேன். தாழ்வா இருக்குன்னு அழுத டீமை இன்னைக்குத்தான்யா பாக்கேன்.”

எதிரணிக் கல்லூரிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“அளவு சரிதான் தாயி. எங் கண்ணுதான் பழுதுபோல. போயி ஆடுங்க” என்று பால்சாமி தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

“நல்ல கோச் வாச்சீக அண்ணாச்சி!” என்றாள் அணியிலிருந்த பாண்டீஸ்வரி.

“நான் கோச்சுன்னு எவ சொன்னா? கேன் தூக்குறவன்ட்டி நான்.”

ஆட்டம் தொடங்கியது. பாண்டீஸ்வரி தூக்கிக் கொடுத்த பந்துக்கு பிரிஸ்கில்லா எம்பினாள். முழங்கை வரைக்கும் நெட்டுக்கு மேலே போய்விட்டது. அடித்த அடியில் பந்து தரையில் பட்டு வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பை மறந்து நின்றார்கள்.

பொறவு அங்கே நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. மூன்று செட்டும் மில்லுக்கே.

ஆட்டம் பார்க்க வந்திருந்த மேனேஜர் ஓடி வந்து பால்சாமியின் தோளில் துண்டைப் போர்த்தினார். “ஏய்யா, உனக்குள்ள இப்பிடி ஒரு கோச் இருக்கான்னு சொல்லவே இல்லையே!”

“எனக்கே இப்பத்தான் சார் தெரியும்.”

“இனிமே டீமைக் கலைக்கிற பேச்சே கிடையாது. நிரந்தரக் கோச் நீதான்!”

நடுவரும் கை கொடுத்தார். “இந்தப் பிள்ளைகளை எப்பிடிய்யா இம்புட்டு ஒசரம் குதிக்க வச்ச?”

துண்டு தோளில் ஏறியதும் பால்சாமிக்குக் கொஞ்சம் கெத்தும் ஏறியிருந்தது. “எல்லாம் அளவுதான் சார். நான் நெட்டு கட்டுனா இம்மி பிசகாது. செத்த இங்க வாங்க, காட்டுதேன்.”

டேப்பை நெட்டுக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து நீட்டினார். “இந்தா, ரெண்டு மீட்டரு.” அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

“பொறவு இருபத்தி நாலு.” டேப்பைத் தேய்ந்த பக்கமாகத் திருப்பி, விரல் வைத்த இடத்திலிருந்து மேலே அளந்தார். நுனிக்காலில் நின்றும் எட்டாமல் தண்ணீர்க் கேன் மேல் ஏறி நின்றுகொண்டார். கை நின்ற இடம் நெட்டுக்கு ஒரு அடிக்கும் மேலே இருந்தது.

நடுவர் டேப்பைப் பார்த்தார். நெட்டைப் பார்த்தார். கேன் மேல் நின்ற கோச்சை நிமிர்ந்து பார்த்தார்.

“யோவ், கீழ எறங்கு. நீ அளந்த இருபத்தி நாலு சென்டிமீட்டர் இல்ல, இஞ்சுய்யா!”