சுண்டுவிரல் பக்கம்

தட்டு வாங்க வந்த கடைக்கார அம்மா சூளைக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சூடு இன்னும் முழுசாக அடங்கவில்லை. அவள் கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு முதல் தட்டை எடுத்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து மண் பிசைந்த இடுப்பு.

இந்த அறையை அந்த அம்மா ஸ்டுடியோ என்பார். கொத்தனாரான அவள் புருஷனின் கரண்டியும் ரசமட்டமும் கிடந்த பின்னறைதான். சாரம் சரிந்து அவர் விழுந்த பிறகு அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கரண்ட் சூளையை வைத்தாள். கல்யாணத்துக்கு முன் ஓட்டுக் கம்பெனியில் மண் மிதித்தவள்.

வீடு ஓடுவது இந்தத் தட்டுகளில்தான். வாங்குவதும் இந்த ஒரு கடைதான்.

சுடாத பச்சைத் தட்டின் மேல் விரல் விரலாகப் பிரிந்த ஆமணக்கு இலையைக் கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். இலையை உரிப்பதில்லை. உரித்தால் மண் பிய்ந்து வரும். அப்படியே சூளைக்குள் போய் எரிந்துவிடும். எப்படிப் பதிந்திருக்கிறது என்பது சாம்பலை ஊதும்போதுதான் தெரியும்.

இதுவரை வந்த தட்டுகளிலெல்லாம் இலை ஒரு பக்கம் ஆழமாக இருக்கும். போகப் போகத் தேய்ந்து, மறுபக்கத்து விரல்கள் இரண்டும் இருந்த இடம் தெரியாது. அதற்காகத்தான் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்பார் கடைக்கார அம்மா. இலை காற்றில் திரும்பிக்கொள்வது மாதிரி இருக்கிறதாம். எப்படிச் செய்கிறாய் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அவள் சொன்னதில்லை.

ஊதினாள்.

இலை முழுசாக இருந்தது. காம்பிலிருந்து கடைசி விரலின் நுனி வரை, ஒரு நரம்பு விடாமல்.

அடுத்ததை எடுத்து ஊதினாள். அதுவும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

கடைக்கார அம்மாவின் முகம் சுருங்கியது. மெஷினில் அடித்த மாதிரி இருக்கிறது, இதை யார் வாங்குவார்கள் என்றார். வேறு ஆளை வைத்துச் செய்தாயா என்று கேட்டார்.

“அதே மண்ணு, அதே கைதாங்க.”

அவர் நம்பவில்லை. பழைய மாதிரி வந்தால் மட்டும் சொல்லி அனுப்பு என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு தட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்தாள். இனி அடுப்பு எப்படி எரியும் என்று யோசிக்க வேண்டும். யோசிக்கவில்லை. தட்டை மடியில் வைத்து, எப்போதும் காணாமல் போகும் அந்த இரண்டு விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கொத்தனார் கதவோரம் வந்து நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

சாரத்திலிருந்து விழுந்த அன்று, அவருடைய வலது கையில் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் செத்துப்போயின. அழுத்திப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்து கொடுத்தார்கள். ஜன்னல் வழியே வீசிவிட்டார். மண்ணை வீச மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து தட்டில் இலையைக் கவிழ்ப்பதோடு அவள் கை நின்றுவிடும்; அழுத்துவது அவர் கை.

“வேணும்னா அடுத்த தடவை அந்த ரெண்டு விரலையும் தூக்கிக்கிட்டே அழுத்தித் தரட்டுமா?” என்றார், ஏதோ உடைத்துவிட்டவர் போல.

அவள் நிமிரவில்லை.

“கையை ஒடிச்சிருவேன்.”