இரண்டு நோய்க்கு ஒரே ஊசி

கல்லீரல் புற்றுநோய்க்குப் போட்ட ஊசி அமலோற்பவத்தின் ரத்தத்தில் இருந்த எச்.ஐ.வி. கிருமியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. இத்தனை வருடம் விழுங்கிய மாத்திரை இனி வேண்டாம் என்றாள் டாக்டர் யாழினி.

அமலோற்பவம் சந்தோஷப்படத்தான் நினைத்தாள். ஆனால் அந்த மாத்திரைக்கு நின்ற வரிசையில்தான் அவள் சவரிமுத்துவை முதலில் பார்த்தாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றவளிடம், "வெயில் உங்களுக்கு மட்டுந்தான் அடிக்குதா?" என்று கேட்ட மனிதர். பிறகு அவளைக் கட்டிக்கொண்டவர்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே கட்டிதான் டாக்டரம்மா. அப்பவே ஆபரேஷன் பண்ணியிருந்தா பிழைச்சிருப்பாரு. எச்.ஐ.வி.ன்னதும் போன எடமெல்லாம் முடியாதுன்னுட்டாங்க."

"ஏன்?" என்றாள் யாழினி. அந்தக் காலத்தைப் பார்த்திராத இளம் டாக்டரான அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"பயந்தாங்க. இது எப்படி வந்துச்சுன்னுதான் கேப்பாங்க. அவரப் பத்தி வேற எதையும் கேக்க மாட்டாங்க."

யாழினி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் எப்படிப்பட்ட மனுஷர்மா?"

அவர் போனபின் அமலோற்பவத்திடம் இப்படி யாரும் கேட்டதில்லை. எங்கே தொடங்குவதென்று தெரியாமல் சிரித்தாள்.

"அவருக்குப் பாடவே வராது. ஆனா மாத்திரை வாங்கிட்டுத் திரும்புறப்ப, பஸ்ஸுல ஊர் வர்ற வரைக்கும் பாடுவாரு. 'அண்ணே, என் விசில் டிரைவருக்குக் கேக்கல, கொஞ்சம் நிறுத்துங்க'ன்னு கண்டக்டர் கெஞ்சுவாரு."

வெளியே இருந்த நோயாளிகள் அன்று வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.