சாத்தியிருந்த கதவு

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கே அவன் கதவு முன்னால் வந்து நின்றுவிட்டான்.

நீதிமன்ற மாடியில் கடைசி அறை. சிறையிலிருந்து விடுதலையானவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்க, வாரத்தில் ஒரு நாள் நீதிபதி அங்கே உட்காருவார். இன்று அவன் முறை.

மகள் கையெழுத்துப் போட்டால் அவள் வீடு. போடாவிட்டால் காப்பகம்.

கதவு சாத்தியிருந்தது. அதற்குள்ளேயே உள்ளே ஆட்கள் பேசும் சத்தம்.

சுவரோரம் ஒதுங்கிக் கைகட்டி நின்றான். பத்தரையும் தாண்டியது.

"அப்பாவுக்கு வழி தெரியலையோ என்னமோ சார்."

உள்ளே ஒரு பெண்குரல். அப்பாவாமே! பதிமூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட மனு போட்டுப் பார்க்க வராதவள், வந்துவிட்டாள். 

"ஏகாம்பரம் வந்தாச்சா?" ஓர் ஆண்குரல்.

"ஐயா!"

சிறையில் காலைக் கணக்கெடுப்புக்குச் சொல்கிற மாதிரியே சொல்லி விறைத்து நின்றான். காற்றுதான் வந்தது; உள்ளே கேட்டிருக்காது.

யாரும் திறக்கவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்மா."

சாவிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

பத்து நிமிஷம் போயிற்று. இன்னொரு பத்தும் போயிற்று.

"வரலைன்னு எழுதிடுங்க."

கதவு திறந்தது. பையைத் தோளில் மாட்டியபடி மகள் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவன்மேல் மோதாத குறை.

"எப்ப வந்தீங்க?"

"ஒன்பதே முக்காலுக்கும்மா."

"அப்புறம் ஏன் உள்ள வரல?"

"தொறக்கலியேம்மா."

அவள் கதவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

பூட்டு இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி, தள்ளியிருந்தால் போதுமே! பதிமூன்று வருஷமாக அவன் ஒரு கதவையும் தொட்டதில்லை. தொட்டால் அடி விழும். இன்று விடிந்ததும்தான் வெளியே விட்டார்கள். வந்த டவுன் பஸ்ஸுக்கும் கதவில்லை.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அவன் கைகளையே பார்த்தாள். பிறகு திரும்பி உள்ளே ஓடினாள்.

"சார், எழுதாதீங்க. வந்துட்டாரு. அப்பவே வந்துட்டாரு."

அவன் பின்னாலேயே ஓரடி வைத்தான்.

அவள் கதவைச் சாத்தினாள்.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"தள்ளுங்கப்பா," என்றது உள்ளிருந்து குரல். "நான் இங்கதான் நிக்கிறேன்."

அவன் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தான். காக்கிச் சட்டை எதுவும் இல்லை.

வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.