கட்டைவிரல் ரேகை

லாரி மெக்கானிக் எபநேசரின் நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் ஏறிய கிரீஸ் எதற்கும் மசியவில்லை. மாசம் ஒருமுறை தேவாலயத்தில் அப்பம் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறுதோறும் காலையில் மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டுத் தோல் எரியத் தேய்ப்பார். பிறகு கையைப் பார்த்துவிட்டு, அப்பத்தை அடுத்த மாசம் எடுக்கலாம் என்று கோயிலின் கடைசி பெஞ்சிலேயே இருந்துகொள்வார். அப்பம் ஆண்டவரின் உடல், அழுக்குக் கையோடு அதைத் தொடலாமா என்பது அவர் கட்சி. சமாதானம் சொல்ல வந்தவர்களோடு பேச்சையே நிறுத்திவிடுவார். இப்படியே பதினோரு வருஷம் போயிற்று.

அன்று என்ன தோன்றியதோ, எழுந்துபோய்ப் பலிபீடத்தின் முன் முழங்காலிட்டார். குருவானவர் அவர் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். பயத்தில் வேர்த்த விரல்களால் எபநேசர் அதை எடுத்ததும், வெள்ளை அப்பத்தில் கட்டைவிரல் ரேகை கறுப்பாக விழுந்தது.

"அழுக்காக்கிட்டேன் ஐயா. அடுத்த மாசம் நல்லாக் கழுவிட்டு வாரேன்."

"அடுத்த மாசம் மட்டும் வெளுத்துருமா?"

குருவானவர் அந்த அப்பத்தை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். புதிதாக ஒன்றை எடுத்து அதே கையில் வைத்தார்.

எபநேசர் இம்முறை கையைப் பார்க்கவில்லை. தன் உதட்டோரம் ஒட்டிய கிரீஸைத் துடைக்காமலே குருவானவர் அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.